முறைக்காய்ச்சல் கண்ட மோட்டார்

மோட்டார் வண்டி அடியோடு கெட்டுப்போவதில் பெரிய சங்கடம் ஒன்றுமில்லை. ஒடிந்தது ஒடிந்தபடியே கிடக்கும், பழுது பார்ப்பவர் வருவார், பார்ப்பார், மாற்றுவார், காரியம் முடிந்துவிடும். சங்கடமெல்லாம் வேறொரு வகை வண்டியினிடந்தான். காலையில் சாவியைத் திருகியதும் கர்ஜித்துக்கொண்டு கிளம்பும். மத்தியான வெயிலில் கடை வாசலில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால், எத்தனை முறை திருகினாலும் எஞ்சின் சுழலுமே தவிர உயிர் பெறாது. சொந்தக்காரர் வியர்த்து விறுவிறுத்துப் பழுது பார்ப்பவரை அழைத்து வருவார். அவர் ஆசனத்தில் உட்கார்ந்து சாவியைத் தொட்டதும், வண்டி ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பிவிடும். அப்போது அவர் சொந்தக்காரரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது கூலியைவிடக் கசப்பானது.

இருபது வருஷமாய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி வரும் எனக்கு இந்தச் சுபாவம் புதிதல்ல. கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு சீட்டி ஒலி கேட்கும். திரும்பிப் பார்த்தால் நாற்பது முகங்களும் பரம சாது. யார் என்று விசாரித்துப் பயனில்லை. அடுத்த சீட்டி எப்போது வரும், அப்போது எந்தப் பக்கம் கண்ணைச் செலுத்த வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டு காத்திருப்பதே வழி.

நம் வைத்தியர்கள் முறைக்காய்ச்சல் என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கிக்கொண்டு வரும். இடையில் நோயாளி எழுந்து நடமாடுவான். பசிக்கிறது என்று சாப்பாடு கேட்பான். காய்ச்சல் இல்லாத நாளில் நாடியைப் பிடித்துப் பார்த்து, 'உமக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிற வைத்தியரை நாம் மெச்சுவதில்லை. மோட்டார் விஷயத்தில் மட்டும் அதே காரியத்தைத்தான் அநேகமாக எல்லாரும் செய்கிறார்கள். வண்டி கிளம்பிவிட்டால், 'அப்பாடா' என்று ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். குற்றவாளி கண் முன்னே நின்ற பத்து நிமிஷத்தையும் திட்டுவதில் செலவழித்துவிட்டு, அவன் ஓடிப்போன பிறகு விசாரணை ஆரம்பிக்கிறார்கள்.

இந்த நோய்க்குப் பேர்போன ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் போர்ஷே கம்பெனியார் 1981-ல் உலகுக்குக் காட்டி, 1991 வரையில் செய்து விற்ற '944' என்னும் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்டுட்கார்ட் நகருக்கு வடக்கே நெக்கர்ஸுல்ம் என்ற ஊரில், ஆடி கம்பெனியாரின் தொழிற்சாலையில் இது உருவாயிற்று. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. எஞ்சின் முன்னால், கியர்ப் பெட்டி பின்னால். ஆகவே பாரம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாய் நிற்கும். வளைவுகளில் அதன் நிதானத்தைப் புகழாதவர் இல்லை. நாலே சிலிண்டரில் இரண்டரை லிட்டர் கொள்ளளவு. அவ்வளவு பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே உதறும். அந்த உதறலை அடக்க, எஞ்சினைப் போல் இரட்டை வேகத்தில் எதிரெதிராய்ச் சுழலும் இரண்டு தண்டுகளை வைத்தார்கள். அந்த யுக்தியின் உரிமையை ஜப்பானிய மிட்ஸுபிஷி கம்பெனியாரிடமிருந்து பெற்றார்கள். இவ்வளவு அருமையாய்ச் செய்யப்பட்ட வண்டிகளில் மிகவும் இளையதற்கே இன்று வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முப்பது வருஷத்துக் கோடையும் குளிரும் உலோகத்தைவிட ஒயரையும் பிளாஸ்டிக்கையும் ஈயப் பற்றையுமே அதிகமாய் வாட்டியிருக்கின்றன.

"அரைமணி காத்திருந்தால் கிளம்பிவிடுகிறதே, இதில் என்ன பிரமாதம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நின்றிருக்கும்போது கிளம்ப விடாமல் தடுக்கும் அதே பழுதுதான் ஓடுகிறபோது எஞ்சினை அணைப்பதும். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் லாரி ஒன்று வந்துகொண்டிருக்கையில், எஞ்சின் சப்தம் திடீரென்று நின்றால் எப்படியிருக்கும்? பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிட சக்தி இரண்டொரு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும். அதன் பிறகு காலை ஊன்றி முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். ரெயில் பாதையைக் கடக்கும் இடத்தில் நின்றுபோனால் சொல்லவே வேண்டாம். ஆகையால் இது பொறுமையைச் சோதிக்கிற விஷயம் மட்டுமல்ல. வீட்டிலுள்ளவர்களை அந்த வண்டியில் ஏற்றலாமா கூடாதா என்ற விஷயம்.

இரண்டு நோய்க்கு ஒரே பெயர்

'கிளம்பவில்லை' என்ற ஒரே சொல்லில் வேறு வேறான இரண்டு நோய்கள் அடங்கியிருக்கின்றன. சாவியைத் திருகும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறதா, இல்லையா? இதை முதலில் கேட்க வேண்டும். 'டக்' என்று ஒரே சப்தம், பிறகு நிசப்தம் என்றால், பெட்ரோலைப் பற்றி ஆராய்வது வீண் வேலை. பாட்டரி, தடித்த ஒயர்கள், அவற்றின் முனைகள், சாவித் துவாரத்துக்குப் பின்னாலுள்ள ஸ்விட்சு, ஸ்டார்ட்டர் ஆகிய இவற்றுக்குள்ளேதான் கோளாறு இருக்கும்.

இந்த இடத்தில் மீட்டரைக் கையாளும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒயர் முனையில் பச்சைக் களிம்பு படிந்து 0.01 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. ஆனால் ஸ்டார்ட்டர் இழுப்பதோ 200 ஆம்பியர். 200-ஐ 0.01 ஆல் பெருக்கினால் 2. பாட்டரியில் இருக்கிற பன்னிரண்டு வோல்டில் இரண்டு வோல்ட் அந்தக் களிம்பிலேயே உஷ்ணமாய்க் கரைந்துபோகிறது! ஆகவே ஒருவர் சாவியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மீட்டரின் இரு முனைகளையும் சந்தேகமான இணைப்பின் இரு பக்கமும் வைத்து வோல்டைப் பார்க்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது அளந்தால் எல்லா ஒயரும் யோக்கியந்தான். சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பாட்டரி, எஞ்சினைச் சுழற்றும்போது 9.5-க்குக் கீழே இறங்கினால் பாட்டரியையே சந்தேகிக்கலாம்.

இந்தக் கணக்கை உலகுக்கு அளித்த கியோர்க் ஓம் என்பவர், கொலோன் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த உபாத்தியாயர். 1827-ல் தம் நூலை வெளியிட்டபோது சொந்த நாட்டார் அதைப் பெரிதாய் எண்ணவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொஸைட்டியார் கோப்லி பதக்கம் அளித்துக் கௌரவித்தார்கள். அதே தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில், இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

சுழல்கிறது, கிளம்பவில்லை

944-க்குப் புகழ் தந்த நோய் இரண்டாவது வகை. ஸ்டார்ட்டர் உற்சாகமாய்ச் சுழற்றுகிறது, எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை. பற்றிக்கொள்வதற்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், உரிய சமயத்தில் ஒரு பொறி, அவ்வளவுதான். காற்று எங்கும் போய்விடாது. மற்ற இரண்டையும் இந்த வண்டியில் ஒரே கம்ப்யூட்டர் பெட்டி ஆள்கிறது. பாஷ் கம்பெனியாரின் 'மோட்ரானிக்' என்ற ஏற்பாடு அது. 1979-ல் பி.எம்.டபிள்யூ. வண்டியொன்றில் முதன்முதலில் வந்தது. அதற்கு முன் பொறிக்கு ஒரு அதிகாரி, பெட்ரோலுக்கு ஓர் அதிகாரி என்று இருந்தது. மோட்ரானிக் வந்தபின் இரண்டு இலாகாவும் ஒருவர் கையில். அவர் அயர்ந்தால் இரண்டும் அயரும்.

அந்த அதிகாரி வேலை செய்ய இரண்டு சௌகரியங்கள் வேண்டும். ஒன்று, அவருக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும். மற்றொன்று, எஞ்சின் சுழல்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி அவருக்கு ஓயாமல் எட்ட வேண்டும். 944-ன் முறைக்காய்ச்சலில் பெரும் பகுதி இவ்விரண்டில் ஒன்று தவறுவதால் வருவதே.

மின்சாரம் ஒரு ரிலே வழியாய் வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி. சொந்தக்காரர்கள் அதை 'டி.எம்.இ. ரிலே' என்பார்கள். அதற்குள்ளே இரண்டு மின்காந்த ஸ்விட்சுகள் குடியிருக்கின்றன. சாவியைத் திருகியதும் முதலாவது மூடிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு மின்சாரம் விடும். இரண்டாவது பெட்ரோல் பம்புக்கு உரியது. எஞ்சின் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால்தான் அது மூடும். விபத்து நேர்ந்து எஞ்சின் நின்றுவிட்டால், பம்பு தன்பாட்டுக்குப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் ஒரு சிறு பலகையில் ஈயப் பற்று வைத்த சில கால்களின் மேல் நிற்கிறது.

தாமிரமும் ஈயப் பற்றும் பலகையும் உஷ்ணத்தில் ஒரே அளவாய் விரிவதில்லை. ஒவ்வொரு பிரயாணத்திலும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, பல ஆயிரம் தடவை இழுபட்ட பிறகு, கால் நுழையும் இடத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட விரிசல் விழுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. குளிர்ந்திருக்கையில் விரிசலின் இரு கரையும் தொட்டுக்கொண்டிருக்கும், மின்சாரம் பாயும். வெயிலில் வண்டி காய்ந்தால் கரைகள் விலகும், கம்ப்யூட்டர் உறங்கிவிடும். சற்று ஆறினால் மறுபடி சேரும். நமக்கு மந்திரவாதம் போலத் தோன்றுவது இவ்வளவுதான். இந்த வியாதி போர்ஷே வண்டிக்கு மட்டும் சொந்தமல்ல. அதே காலத்து ஹோண்டா வண்டிகளின் பிரதான ரிலேக்கும் இதே கோடைக்கால வியாதி உண்டு.

செய்தி கொண்டுவரும் தூதர்களும் இருவர். எஞ்சினுக்குப் பின்னால், பறக்கும் சக்கரத்தின் உறையில் இரண்டு ஸென்ஸார்கள் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தியிருக்கின்றன. ஒவ்வொன்றும் காந்தத்தின் மேல் மெல்லிய ஒயரைச் சுற்றிய சுருள். ஒன்று சக்கரத்தின் 132 பற்களையும் எண்ணி வேகத்தைச் சொல்லும். மற்றொன்று, சக்கரத்தில் பதித்த ஒரு சிறு திருகாணி தன்னைக் கடக்கும்போதெல்லாம் சுற்றுக்கு ஒரு முறை 'இதோ' என்று குரல் கொடுக்கும். ஸென்ஸாருக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அகன்றால் குரல் கேட்காது. சுருளின் ஒயர் உள்ளே அற்றுப்போய், சூட்டில் விலகி ஆறினால் ஒட்டும் நிலையிலும் இருக்கும். இவற்றின் இணைப்பு முனைகள் எஞ்சினின் பின்புறத்து வெப்பத்திலேயே காலமெல்லாம் வெந்து, தொட்டால் அப்பளம் போல் நொறுங்கிவிடும். இன்னுமொரு விபரீதம்: இரண்டு முனைகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிருக்கும். மாற்றிச் செருகிவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. பிரிப்பதற்கு முன் ஒன்றில் நூல் கட்டிவிடுவது உத்தமம்.

அந்தப் பத்து நிமிஷம்

இனிப் பழுது நேரும் சமயத்தில் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கையுறைகளுக்கென்று முன்புறத்தில் வைத்திருக்கும் சிறு அறையில், நல்லது என்று தெரிந்த ரிலே ஒன்று, ஒரு மீட்டர், ஒரு துண்டு ஒயர், ஒரு நோட்டுப் புத்தகம், பென்ஸில் இவை தயாராயிருக்கட்டும்.

வண்டி கிளம்பவில்லை. திட்ட வேண்டாம். இன்னொரு முறை சாவியைத் திருகிக்கொண்டே, எஞ்சினின் சுற்றுக்களைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளின் மேல் கண்ணை வைத்திருங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் இதைப்போல் விஷயம் சொல்லும் சோதனை வேறில்லை. முள் இலேசாய்த் துடித்து எழும்பினால், கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, தூதர்களின் செய்தியும் வந்து சேர்கிறது என்று கொள்ளலாம். முள் செத்துக் கிடந்தால், மின்சாரம் வரவில்லை, அல்லது செய்தி வரவில்லை. ஒரே பார்வையில் உலகம் இரண்டாய்ப் பிரிந்துவிட்டது.

முள் செத்துக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். ரிலேயைப் பிடுங்கி, நல்ல ரிலேயைச் செருகுங்கள். உடனே கிளம்பிவிட்டதா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இவ்விடத்தில் வெற்றி முரசு கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவசரப்படக் கூடாது. ரிலேயை மாற்றுவதற்குள் ஐந்து நிமிஷம் போயிருக்கிறது; எஞ்சின் சற்று ஆறியிருக்கிறது; பிடுங்கிச் செருகியதில் துருப் பிடித்த துளைகள் சுரண்டப்பட்டுச் சுத்தமாகியிருக்கின்றன. கிளம்பியது புது ரிலேயின் புண்ணியமா, மற்றவற்றின் புண்ணியமா என்று எப்படிச் சொல்வது? ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டுப் பழைய ரிலேயையே மறுபடி செருகிப் பாருங்கள். அது மீண்டும் மௌனம் சாதித்து, புதியது மீண்டும் உயிர் கொடுத்தால் குற்றம் ருஜுவாகிவிட்டது. பழையதிலும் சௌக்கியமாய்க் கிளம்பினால் விசாரணை முடியவில்லை என்று அர்த்தம். கிளம்பிய வண்டியை வேண்டுமென்றே கிளம்பாதபடி செய்து பார்ப்பதற்கு மனத்திடம் வேண்டும், அதுவும் வெயிலில், குழந்தைகள் பின் ஆசனத்தில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது. ஆனாலும் இந்த ஒரு காரியத்தைச் செய்பவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அநேக மாதங்கள்.

நல்ல ரிலே வைத்தும் முள் அசையவில்லையென்றால் ஸென்ஸார்களைப் பார்க்க வேண்டும். முனையைக் கழற்றி, சுருளின் இரு ஒயர்களுக்கும் இடையே தடையை அளந்தால் 600-லிருந்து 1,600 ஓமுக்குள் இருக்க வேண்டும். சூடாயிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். வீட்டுக்கு இழுத்துப் போய், காப்பி சாப்பிட்டுவிட்டு, ஆற அமர அளந்தால் ஸென்ஸார் நல்ல பிள்ளையாக 1,000 ஓம் காட்டும். அதைக் குற்றமற்றது என்று விடுதலை செய்துவிட்டு, விலை உயர்ந்த கம்ப்யூட்டரைக் குற்றவாளியாக்கி மாற்றுகிறவர்கள் பலர்.

முள் துடிக்கிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் திரும்பலாம். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அது இருந்த இடத்தில் 30, 87பி என்று குறித்த இரண்டு துளைகளை ஒயர்த் துண்டால் இணைத்தால் பம்பு நேராய் ஓடும். வண்டியின் பின்புறம் அதன் ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் பம்பு, அல்லது அதற்குப் போகும் ஒயர், அல்லது ப்யூஸ். கேட்டால், அழுத்தம் சாதாரண 944-ல் 2.5 பார் அளவு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கலாம். இந்த ஒயர்த் துண்டு சோதனைக்கு மட்டுந்தான். 'இப்படியே இருக்கட்டும், கிளம்புகிறதே' என்று விட்டுவிடுகிற புத்திசாலிகள், விபத்தில் பம்பை நிறுத்துவதற்கென்று ஏற்பட்ட காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதை உணர வேண்டும்.

இன்னொரு சிறிய சங்கதி. சூடான எஞ்சினில் மட்டும் கிளம்பாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து நாறினால், எஞ்சினின் உஷ்ணத்தைச் சொல்லும் ஸென்ஸார் பொய் சொல்கிறது. அதன் ஒயர் அறுந்தால், கொதிக்கும் எஞ்சினை உறைபனியில் கிடப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலை வாரி வழங்கும். மாற்றுவது எளிது.

வராத நோயை வரவழைத்தல்

பழுது எப்போதும் நடுவழியில்தான் வரும். மீட்டரும் அவகாசமும் இருக்கிற வீட்டில் வராது. ஆகையால் வீட்டிலேயே அதை வரவழைக்கப் பார்க்கலாம். எஞ்சினை ஓட விட்டு, ரிலேயை ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் மெதுவாய்த் தட்டுங்கள். ஸென்ஸார் முனைகளை ஒவ்வொன்றாய் அசையுங்கள். எஞ்சினிலிருந்து உடம்புக்குப் போகும் தரை ஒயரை ஆட்டுங்கள். சாவியை அதன் இடத்திலேயே இலேசாய் அசைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் சாவி ஸ்விட்சும் தேய்ந்திருக்கும். எதைத் தொட்டபோது எஞ்சின் விக்கிற்றோ அதுவே இடம்.

தட்டியும் அசைத்தும் ஒன்றும் நிகழாவிட்டால், வீட்டிலுள்ள பெண்மணிகளிடம் கூந்தல் உலர்த்தும் கருவியை இரவல் வாங்க வேண்டியதுதான். ரிலேக்கு இரண்டு நிமிஷம் சூடான காற்றை ஊதுங்கள். பிறகு ஸென்ஸார் முனைகளுக்கு. ஒரு சமயத்தில் ஒன்றுக்கு மட்டும். எஞ்சின் அறை முழுவதையும் சூடாக்கிவிட்டால், நின்றது எதனால் என்று தெரியாமல் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். ஒன்றைச் சூடாக்கியதும் எஞ்சின் நின்று, அதை ஈரத் துணியால் அல்ல, காற்றாட விட்டு ஆறவைத்ததும் கிளம்பினால், அதற்குமேல் சாட்சியம் எதற்கு?

இதற்கும் அகப்படாத வண்டிகள் உண்டு. அவற்றுக்கு நோட்டுப் புத்தகமே மருந்து. கிளம்பாத ஒவ்வொரு முறையும் தேதி, மணி, வெயிலா மழையா, எவ்வளவு நேரம் ஓடியபின் எவ்வளவு நேரம் நின்றது, டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு, சமதரையா சரிவா, முள் துடித்ததா, எத்தனை நிமிஷத்தில் கிளம்பியது என்று எழுதி வைக்க வேண்டும். சரியாய்க் கிளம்பிய நாட்களையும் எழுத வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. கிளம்பாதவை எல்லாம் வெயில் நாள் என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன தெரியும்? கிளம்பியவையும் அத்தனையும் வெயில் நாட்களாயிருந்தால் வெயில் நிரபராதி. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் ஒரு கோலம் தென்படும். மழை நாட்களில் மட்டும் என்றால் பொறியின் ஒயர்களும் மூடியும் சந்தேகத்துக்குரியவை. சரிவில் நிறுத்தி டாங்கி காலியாயிருந்தபோதெல்லாம் என்றால் பம்புக்குப் பெட்ரோல் எட்டவில்லை.

குணமாயிற்றா?

பழுது அகப்பட்டு, சாமானை மாற்றியாயிற்று. இனி நம்பி ஓட்டலாமா? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தகுந்தது.

பத்து முறைக்கு ஒரு முறை கிளம்பாத வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் நாம் ஒன்றையுமே சரி செய்யவில்லை. அப்படியும் அது ஒரு முறை கிளம்புவதற்குப் பத்தில் ஒன்பது பங்கு சாத்தியம். ஐந்து முறை தொடர்ந்து கிளம்புவதற்கு 0.9-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 0.59 வருகிறது. அதாவது, ஒன்றும் செய்யாவிட்டாலும் ஐந்து முறை சரியாய்க் கிளம்புவது பாதிக்கு மேல் சாத்தியமே! பத்து முறைக்கு 0.35, இருபது முறைக்கு 0.12, முப்பது முறை ஆகும்போதுதான் 0.04-க்கு இறங்குகிறது. ஆகையால் முப்பது முறை தவறாமல் கிளம்பிய பிறகே, 'இது தற்செயலல்ல' என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 'இரண்டு நாளாய் நன்றாய் ஓடுகிறது, சாமானை மாற்றியது பலித்துவிட்டது' என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. இந்த முப்பதும் குளிர்ந்த காலை வேளையிலேயே இருந்தாலும் பயனில்லை. எந்த வெயிலில், எந்தச் சூட்டில் மக்கர் செய்ததோ அந்த நிலைமையிலேயே சோதிக்க வேண்டும்.

ஊகத்தின் பேரில் சாமான்களை மாற்றுவதற்கு இத்தனை செல்வாக்கு ஏன் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். மாதம் இரு முறை நோய் கண்ட வண்டிக்குப் பம்பை மாற்றினார்கள். பத்து நாள் சுகம். பிறகு மறுபடி. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள்; இரண்டு வாரம் சுகம். பிறகு கம்ப்யூட்டர். ஒவ்வொரு தடவையும் 'இப்போது தீர்ந்தது' என்று எண்ணுவதற்கு நியாயம் இருந்தது போலத் தோன்றும். கடைசியில் வண்டியின் மேலேயே வெறுப்பு உண்டாகி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்கினவர் விஷயம் தெரிந்தவராயிருந்தால், சொற்ப விலையுள்ள ஒரு ரிலேயைச் செருகிவிட்டு அதே வண்டியில் மலைப் பாதை ஏறிக்கொண்டிருப்பார்.

பழுதான ரிலேயை எறிந்துவிட வேண்டியதில்லை. மேல் மூடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் கால்களைச் சுற்றிய விரிசல் வளையம் தெரியும். கை பழகியவர்கள் பற்றுக்கோலைச் சூடாக்கி, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாய்ப் பற்று வைத்தால், இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் உள்ளே ஸ்விட்சு முனைகள் கருகிப்போயிருந்தால் பற்று வைத்துப் பயனில்லை. எப்படியாயினும், அதன் முதுகில் சிவப்பு மசியால் தேதியும், 'பழுது' அல்லது 'பற்று வைத்தது' என்ற சொல்லும் எழுதாமல் முன்னறையில் போட்டுவிடக் கூடாது. இரண்டு ரிலேயும் பார்வைக்கு ஒன்றே. நடுவழியில் இருட்டில் கை எதை எடுக்கும் என்று யார் கண்டது?